ஹனோய் – வியஞ்சான் இரவுப் பேருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகுப் பையோடு வியட்நாம், லாவோஸ் இரண்டையும் ஒரே சுற்றில் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்த பஸ்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் ‘நரகப் பேருந்து’ என்று கதைகதையாக வருகிறது. கதை படித்துப் பயந்தவர்களும், படிக்காமல் டிக்கெட் எடுத்துவிட்டவர்களும் என்னிடம் கேட்டதையெல்லாம், கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

இது என்ன பஸ்? எங்க கிளம்பி எங்க போகுது?

வியட்நாம் தலைநகர் ஹனோயில் சாயங்காலம் ஆறு, ஏழு மணிவாக்கில் கிளம்பி, லாவோஸ் தலைநகர் வியஞ்சானுக்கு மறுநாள் சாயங்காலம் போய்ச் சேரும் ஸ்லீப்பர் பஸ். கடற்கரையை ஒட்டித் தெற்கே வின் நகர் வரை சுமார் 300 கிலோமீட்டர் வந்து, மேற்கே திரும்பி அன்னமைட் மலைத்தொடர் ஏறும். கௌ ட்ரேயோ கணவாயில் எல்லை. அதைத் தாண்டினால் லாவோஸின் 8ஆம் எண் நெடுஞ்சாலை. லாக் சாவ் என்ற சிற்றூர் வழியாக இறங்கி, மேக்கோங் ஆற்றை ஒட்டிய 13ஆம் எண் சாலையைப் பிடித்து, பாக்சான் வழியாக வியஞ்சான்.

டிக்கெட் விற்பவர் 20 மணி நேரம் என்பார். நீங்கள் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனாலும் யாரும் உங்களிடம் காரணம் சொல்லப்போவதில்லை.

சென்னையிலருந்து கன்னியாகுமரி 700 கிலோமீட்டர், ஆம்னி பஸ் 12 மணி நேரத்துல போயிடுது. இதுவும் கிட்டத்தட்ட அதே தூரம்தானே, எதுக்கு ஒரு நாள் ஆகுது?

மலைச்சாலை ஒரு காரணம்தான். பெரிய காரணம், இது சரக்கு வண்டி. ஆட்கள் படுக்கவும் இடம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நம் ஆம்னி பஸ்ஸிலும் கூரைமேல் பார்சல் ஏறும். ஆனால் அங்கே பார்சல் உபரி வரும்படி. இங்கே பார்சல்தான் பிழைப்பு. டைல்ஸ் பெட்டி, துணி மூட்டை, மோட்டார் உதிரிப் பாகம், சில நாள் முழு மோட்டார் சைக்கிளே ஏறும். ஹனோயை விட்டு வெளியே வருவதற்குள் மூன்று நான்கு குடோன் வாசலில் நிறுத்தி ஏற்றுவார்கள்.

அடுத்தது எல்லை. வாயில் காலை ஏழு மணி சுமாருக்குத்தான் திறக்கும். எவ்வளவு விரட்டினாலும் விடிவதற்கு முன்னால் தாண்ட முடியாது என்பது டிரைவருக்குத் தெரியும். அதனால் இரவின் முற்பகுதியில் அவருக்கு அவசரமே கிடையாது. வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றுவார், டீ குடிப்பார், விடியற்காலை மூன்று நாலு மணிக்கு எல்லைக்குக் கீழே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுவார். ‘நடுக்காட்டில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான்’ என்று பலர் பதறி எழுதுவது இந்த இடத்தைத்தான். போயிருக்க மாட்டார். முன்பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி விஷயங்கள் தானாகவே புரியும்.

ஸ்லீப்பர்னா நம்ம ஊர் மாதிரி நீட்டி படுக்கலாமா? நான் ஆறடி.

நீட்டிப் படுக்க முடியாது. நீளவாக்கில் மூன்று வரிசை, நடுவில் இரண்டு ஒடுங்கிய நடைபாதை, மேல் கீழ் என்று இரண்டு அடுக்கு. உங்கள் கால், முன்னால் படுத்திருப்பவரின் முதுகுச் சாய்வுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போகும். முதுகைச் சாய்க்கலாம், ஆனால் முழுத்தட்டையாக வராது. உயரம் ஐந்தரை அடி வரை என்றால் வசதி. ஆறடிக்காரர் முழங்காலை மடக்கி இரவைக் கழிக்க வேண்டியதுதான். ஒருக்களித்துப் படுத்தால் பெட்டிக்குள் முட்டி மாட்டிக்கொள்ளும்.

செருப்பைப் படியிலேயே கழற்ற வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பை தருவார்கள், அதில் போட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். போர்வை இருக்கும்; அது எப்போது துவைத்தது என்று ஆராயாமல், சொந்தமாக ஒரு லுங்கியோ மெல்லிய பெட்ஷீட்டோ எடுத்துப்போவது நல்லது. ஏசி சில நேரம் எலும்பை நடுக்கும், சில நேரம் அறவே நின்றுபோகும். சாக்ஸ் கட்டாயம்.

எந்த பெர்த் எடுக்கணும்? மேலயா கீழயா?

நடுப்பகுதி, ஜன்னலோரம், மேல் அடுக்கு. மேலே குலுக்கல் கொஞ்சம் கூடுதல், ஏறுவதும் சிரமம். ஆனால் நடைபாதையில் நடக்கும் கூத்து உங்கள் மூக்கருகே நடக்காது. நடு வரிசையைத் தவிருங்கள். இரண்டு பக்கமும் பிடிமானம் குறைவு. கடைசி வரிசையில் ஐந்து பேர் ஒட்டி ஒட்டிப் படுப்பார்கள். எஞ்சின் சூடு வேறு. வெளிநாட்டுக்காரர்களைப் பின்னால் தள்ளிவிடும் பழக்கமும் உண்டு, ஆகவே முன்னாடியே ஏறுவது உதவும்.

டிக்கெட்டில் எண் போட்டிருக்கும். அந்த எண்ணில் வேறு ஒருவர் படுத்திருந்தால் கிளீனர் காட்டும் இடத்தில் படுக்க வேண்டியதுதான். எண்ணைக் காட்டி வாதாடி ஜெயித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

‘விஐபி பஸ்’னு போட்டோ காட்டி டிக்கெட் வித்தாங்க. நிஜமாவே அந்த பஸ் வருமா?

வரலாம். வராமலும் போகலாம். ஹனோயின் ஓல்ட் குவார்ட்டர் என்ற பழைய நகர்ப் பகுதியில் இருக்கும் ஏஜென்சிகளும் விடுதிகளும் பஸ் வைத்திருப்பதில்லை. கமிஷனுக்கு டிக்கெட் விற்கிறார்கள். சாயங்காலம் ஒரு ஆள் நடந்தே வந்து கூட்டிப்போய், மினி வேனில் அடைத்து, ஊருக்குத் தெற்கே இருக்கும் நிலையத்தில் கொண்டுபோய் விடுவார். அங்கே எந்த பஸ்ஸில் இடம் இருக்கிறதோ அதில் ஏற்றுவார்கள். ஒரே பஸ்ஸில் பக்கத்துப் படுக்கைக்காரர் உங்களைவிடப் பத்து டாலர் குறைவாகவோ கூடுதலாகவோ கொடுத்திருப்பார்.

பேருந்து நிலையத்துக்கே நேரில் போய் எடுத்தால் கமிஷன் மிச்சம், எந்த வண்டி என்று கண்ணால் பார்த்தும் எடுக்கலாம். பகல் பொழுதில் அரை நாள் அதற்குச் செலவாகும். ஹனோயில் இருப்பதே இரண்டு நாள் என்றால் அந்த அரை நாளை விட்டுக்கொடுக்க வேண்டாம், ஏஜென்சியிலேயே எடுத்துவிடுங்கள் என்பேன்.

பஸ்ல டாய்லெட் இருக்கா?

பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் அதற்குள் மூட்டை இருக்கும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள். வியட்நாமுக்குள் பெரிய சாப்பாட்டுக் கூடங்களில் நிறுத்தும்போது கழிப்பறை சுமாராக இருக்கும். இறங்கும்போது மாட்டிக்கொள்ள வாசலில் ஒரு கூடை நிறைய ரப்பர் செருப்பு வைத்திருப்பார்கள். இடது, வலது பொருந்தியது கிடைத்தால் அதிர்ஷ்டம். லாவோஸ் பக்கம் சாலையோரம்தான். பெண்கள் ஒரு லுங்கியோ லாவோஸ் பெண்கள் கட்டும் சின் பாவாடையோ கையோடு வைத்திருப்பது உதவும்.

அண்ணா, நான் சுத்த சைவம். இருபத்து நாலு மணி நேரம் பட்டினியா?

கையில் கொண்டுபோனால் பட்டினி இல்லை. ஹனோயில் வாழைப்பழம், ரொட்டி, வறுத்த வேர்க்கடலை தாராளமாகக் கிடைக்கும். இரவுச் சாப்பாட்டு நிறுத்தத்தில் ‘அன் சாய்’ என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். பௌத்தர்கள் அமாவாசை, பௌர்ணமியில் சைவம் சாப்பிடும் ஊர்தான். ஆனால் அவசரத்தில் போடும் கீரையில் மீன் சாஸ் விழாது என்று உத்தரவாதம் இல்லை. லாவோஸில் காலையில் பசைச்சோறு சிறு கூடையில் சூடாக விற்பார்கள். உப்பும் ஊறுகாயும் இருந்தால் அதுவே போதும்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். காரணம் முந்தைய பதிலில்.

நடைபாதையில ஆள் படுத்திருந்தாங்கன்னு ஃப்ரெண்ட் சொன்னான். உண்மையா?

உண்மைதான். வின் தாண்டியபின் ஏறுகிறவர்களுக்குப் படுக்கை மிச்சம் இருக்காது. அவர்கள் டிரைவர் கையில் பணம் கொடுத்துவிட்டு நடைபாதையில் பாய் விரித்துக்கொள்வார்கள். அதிகம்பேர் லாவோஸில் கட்டட வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகிற வியட்நாமியர்கள். நள்ளிரவில் கண் விழித்தால் உங்கள் கீழ்ப்படுக்கை விளிம்பில் ஒரு முழங்கை இருக்கும், அதன்மேல் ஒரு தலை. எழுப்பினால் கோபித்துக்கொள்ள மாட்டார். சிரித்துக்கொண்டே நகர்ந்து, ஐந்தாவது நிமிடம் திரும்ப வந்துவிடுவார்.

சிக்கல் அசௌகரியம் மட்டுமில்லை. ஏதாவது ஒன்றென்றால் வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. ஏறியதும் அவசரக் கண்ணாடிச் சுத்தியல் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இரவுப் பயணத்தில் நான் கறாராகச் சொல்வது இது ஒன்றைத்தான்.

விசா எப்படி? எல்லையிலேயே கிடைக்குமா?

பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் இரண்டு நாட்டுக்கும் 30 நாள் வரை விசா தேவையில்லை, நேராகப் போகலாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு வியட்நாம் இ-விசா முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து அது 90 நாள் வரை கிடைக்கிறது. லாவோஸ் விசாவை எல்லையில், லாவோஸ் பக்கம் இருக்கும் ‘நாம் பாவ்’ என்ற சாவடியிலேயே வாங்கிக்கொள்ளலாம். 40 டாலர் அளவில் ஆகும். ஒரு புகைப்படம், ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், கிழியாத மடிப்பில்லாத டாலர் நோட்டு மூன்றும் தயாராக இருக்கட்டும். வியட்நாம் பணமான டாங்காகக் கொடுத்தால் அவர்கள் போடும் மாற்று விகிதத்தில் வயிறு எரியும்.

லாவோஸுக்கும் இ-விசா உண்டு. ஆனால் அது எல்லாத் தரைவழிச் சாவடிக்கும் செல்லாது. எடுக்கும் முன் அதிகாரபூர்வ தளத்தில் சாவடிப் பட்டியலைப் பாருங்கள்.

என் வியட்நாம் விசா 15ஆம் தேதி முடியுது. 15ஆம் தேதி நைட் பஸ் எடுத்தா சரியா இருக்கும்ல?

சரியாக இருக்காது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. பஸ் 15ஆம் தேதி கிளம்பினாலும் நீங்கள் வெளியேறும் முத்திரை விழுவது 16ஆம் தேதி காலை ஏழு மணிக்கு மேல். அதாவது விசா காலாவதியானதற்கு மறுநாள். அபராதம், விசாரணை, எழுதி வாங்குதல் எல்லாம் முடிவதற்குள் பஸ் போய்விடும். 14ஆம் தேதி இரவே கடைசி.

விடுதி பதிவும் இதே கணக்குத்தான். வியஞ்சானில் அறை போடுவது கிளம்பும் தேதிக்கு இல்லை, மறுநாளுக்கு.

எல்லையில் என்ன நடக்கும்? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

விடிந்ததும் கிளீனர் கத்தி எழுப்புவார். குளிர்காலத்தில் கணவாய் முழுக்க மூடுபனி, பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாது. முக்கியமான பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி வியட்நாம் குடியேற்றக் கட்டடத்துக்கு நடக்க வேண்டும். அங்கே வரிசை என்று ஒன்று கிடையாது. கண்ணாடிக்கு முன்னால் கைகள்தான். கிளீனர்கள் தங்கள் பயணிகளின் பாஸ்போர்ட்டை ரப்பர் பேண்ட் போட்ட கட்டாக நீட்டுவார்கள். ஒரு கட்டு உள்ளே போனால் இருபது பேர் முடிந்த கணக்கு. முழங்கையை ஊன்றி நின்று, உங்கள் பாஸ்போர்ட்டை நீங்களே அதிகாரியின் கைக்குக் கொடுங்கள்.

வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று அங்கேயே பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பிறகு சாலையில் நடந்து லாவோஸ் சாவடி. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். அங்கே விசாவுக்கு ஒரு ஜன்னல், முத்திரைக்கு ஒரு ஜன்னல். பஸ் காலியாகவே தனியாகச் சுங்கச் சோதனை முடித்து அந்தப் பக்கம் வரும். ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரம்.

இந்தக் காத்திருப்பில் சுற்றிலும் இருக்கும் காட்டைக் கொஞ்சம் பாருங்கள். இதே மலைத்தொடரில், இதே ஹா தின் மாகாணத்து வூ குவாங் காட்டில்தான் 1992இல் சாவோலா என்ற விலங்கு உலகுக்குத் தெரியவந்தது. நீண்ட இரட்டைக் கொம்புள்ள, மாட்டினத்தைச் சேர்ந்த பெரிய பிராணி. அதுவரை விஞ்ஞானிகள் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது.

முத்திரைக்குத் தனியா காசு கேக்கறாங்களாமே, கொடுக்கணுமா?

சனி, ஞாயிறு, அதிகாலை என்றால் கூடுதல் நேரக் கட்டணம் என்று ஒரு டாலர் சுமாரில் கேட்பது தென்கிழக்கு ஆசியத் தரை எல்லைகளில் பரவலாக இருக்கிறது. ரசீது கேளுங்கள். ரசீது வந்தால் கொடுங்கள், வராவிட்டால் சிரித்துக்கொண்டே நில்லுங்கள். பின்னால் நிற்பவர்கள் உங்களைவிட அவசரத்தில் இருந்தால், அந்த ஒரு டாலருக்காக உங்கள் நிதானத்தை இழக்க வேண்டாம். கிளீனர் தனியாக ‘எல்லைக் கட்டணம்’ என்று பெரிய தொகை கேட்டால் அது வேறு விஷயம், மறுத்துவிடலாம்.

நான் விசா வாங்கறதுக்குள்ள பஸ் என்னை விட்டுட்டுப் போயிட்டா?

நடந்திருக்கிறது. தலை எண்ணும் பழக்கம் எல்லா வண்டியிலும் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் கட்டாக முடித்துவிடுவதால் கடைசியில் நிற்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள். வண்டி எண்ணை, கிளீனரின் முகத்தோடு சேர்த்து இரவிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும் முன் அவரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி, விசா ஜன்னலைக் கைகாட்டிவிட்டுப் போங்கள். பஸ்ஸில் இன்னும் இரண்டு வெளிநாட்டவர் இருந்தால் அவர்களோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மூன்று பேரை விட்டுவிட்டுப் போக டிரைவருக்கும் மனம் வராது.

பெரிய பையைக் கீழ டிக்கில போட்டா பத்திரமா?

திருட்டைவிட ஈரம்தான் ஆபத்து. மேலே சொன்ன சரக்கெல்லாம் அங்கேதான் இருக்கும். உடைந்த மீன் சாஸ் பாட்டிலின் வாசம் ஒரு துவைப்புக்குப் போகாது. பையைப் பெரிய குப்பைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போடுங்கள். பணம், பாஸ்போர்ட், போன், லேப்டாப் நான்கும் உடம்போடு. கால் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு தூங்கினால் யாரும் எடுக்க முடியாது. இறங்கும்போது மறக்காமல் இருந்தால் சரி.

பொண்ணு தனியா போகலாமா?

போகிறார்கள். பயணிகளில் உள்ளூர்க் குடும்பப் பெண்கள் நிறைய இருப்பார்கள், குழந்தையோடும் வருவார்கள். மேல் ஜன்னல் படுக்கை, பக்கத்தில் ஒரு பெண் இருக்கும்படி கேட்டு வாங்குவது, நடுராத்திரி நிறுத்தத்தில் மற்றவர்களோடு இறங்குவது இவை போதும். படுக்கை எல்லாம் தனித்தனி. கடைசி வரிசை மட்டும் ஒட்டியது, அதைத் தருவதாகச் சொன்னால் கூச்சப்படாமல் மறுத்துவிடுங்கள்.

எனக்கு ஊட்டி பஸ்லயே வாந்தி வரும். தாங்குமா?

லாவோஸ் பக்கம் 8ஆம் எண் சாலையில் வளைவுகள் தொடர்ந்து வரும். ஆனால் அப்போது பகல், ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கலாம் என்பது ஒரு ஆறுதல். அவோமின் மாதிரி மாத்திரையை ஊரிலிருந்தே கொண்டுபோய், வளைவு தொடங்கும் முன்பே, அதாவது எல்லையில் முத்திரை வாங்கியதும் போட்டுக்கொள்ளுங்கள். எல்லைக்கு முன்னால் போட்டால் தூக்கக் கலக்கத்தில் விசா ஜன்னலில் நிற்க நேரும். குன் காம் ஊரைத் தாண்டி மேலே ஏறும்போது சுண்ணாம்புப் பாறைகள் கூர்கூராக, அடுக்கடுக்காக எழுந்து நிற்பது தெரியும். வாந்தி வருகிறவர்களும் பார்க்க வேண்டிய இடம்.

எந்த மாசம் போகக் கூடாது?

செப்டம்பர் முதல் நவம்பர் வரை வியட்நாமின் அந்தப் பகுதியில் புயல், வெள்ளம்; லாவோஸில் மே முதல் அக்டோபர் வரை மழை. மண்சரிவு என்றால் 24 மணி என்ற கணக்கெல்லாம் போயிற்று. ஜனவரி அல்லது பிப்ரவரியில் வரும் வியட்நாமின் டெட் புத்தாண்டுச் சமயத்தில் படுக்கையும் கிடைக்காது, விலையும் ஏறியிருக்கும். லாவோஸ் புத்தாண்டு நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வரும். அந்த மூன்று நாளும் சாலையோரம் நின்று வண்டிகள்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஜன்னலை மூடி வையுங்கள்.

ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்தானே சார், எதுக்கு இந்தப் பாடு?

நியாயமான கேள்வி. நேரடி விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் விலையில் வித்தியாசமும் பலர் நினைக்கிற அளவு இல்லை. முதுகு வலி, சர்க்கரை, சிறு குழந்தை, ஒரு வாரம்தான் லீவு என்று எது இருந்தாலும் யோசிக்காமல் விமானத்தில் போங்கள். ‘அனுபவத்துக்காக’ பஸ்ஸில் போகச் சொல்லி நான் யாரையும் தள்ளுவதில்லை.

பஸ்தான் என்றால் பயணத்தை இரண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு போவது என் சிபாரிசு. ஹனோயிலிருந்து வின் வரை ரயிலில் போய் ஒரு இரவு தங்குங்கள். அங்கிருந்து லாவோஸ் போகும் பஸ் எந்தெந்த நாளில் என்று நிலையத்தில் விசாரித்து, எல்லை தாண்டி குன் காம் பக்கம் இறங்குங்கள். மலைக்கு அடியில் ஏழு கிலோமீட்டர் படகில் போகும் கோங் லோர் குகை அங்கிருந்து பக்கம். இரவு பஸ்ஸில் போகிறவர்கள் தூங்கிக்கொண்டே கடந்துபோகும் ஊர் அது.

வியஞ்சான்ல எங்க இறக்கி விடுவாங்க?

ஊருக்குள் இல்லை. தெற்குப் பேருந்து நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி. துக்துக் காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து பேரம் பேசினால் பாதியாகக் குறையும். லோகா என்ற உள்ளூர் டாக்ஸி செயலியும் உண்டு, அதற்கு இணையம் வேண்டும். டாங் இங்கே செல்லாது. எல்லையிலேயே கொஞ்சம் லாவோஸ் பணமான கிப் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மறுபுறம், லாவோஸை விட்டுப் போகும்போது கிப்பைச் செலவழித்துத் தீர்த்துவிடுங்கள், வெளியே யாரும் வாங்க மாட்டார்கள்.

லாவோஸின் வடக்கே லுவாங் பிரபாங் நகருக்குப் போகிறவர்கள் அடுத்த இரவு பஸ்ஸைத் தேட வேண்டாம். 2021 டிசம்பரில் திறந்த ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். டிக்கெட்டுக்குத்தான் அடிதடி.

நான் திருப்பி வர்றேன், வியஞ்சான்லருந்து ஹனோய். ஏதாவது மாறுமா?

எல்லாம் இதேதான், வரிசை தலைகீழ். சாயங்காலம் கிளம்பி, விடியலுக்கு முன் எல்லையில் நின்று, காலையில் தாண்டும். வளைவெல்லாம் இருட்டில் வரும் என்பதால் மாத்திரையை ஏறும்போதே போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: வியட்நாம் இ-விசா விண்ணப்பத்தில் நுழையும் இடம் எது என்று கேட்பார்கள். பழக்க தோஷத்தில் ஹனோய் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மலை உச்சியில் போய் நின்றால் திருப்பி அனுப்பவும் கூடும். பட்டியலில் கௌ ட்ரேயோவைத் தேடிக் குறியுங்கள். ஏற்கெனவே வியட்நாமுக்குள் ஒருமுறை வந்துபோனவர் என்றால், பலமுறை நுழைவு விசாவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை விசா வெளியேறும் முத்திரையோடு முடிந்துவிடும், நாள் மிச்சம் இருந்தாலும்.